ஒரு கேள்வி, பதினைந்து ஆண்டுகள்



பாராளுமன்ற உறுப்பினர் என்றவுடன் உங்கள் கண்முன் வருவது என்ன? பெரும்பாலும் ஒரு மேடை, ஒரு மாலை, ஓர் ஒலிபெருக்கி. தேர்தல் காலத்தில் வாசலுக்கு வந்து ஸலாம் சொல்லிப் போகும் ஒரு முகம். ஆனால் மக்கள் தங்கள் வாக்கை ஒருவரிடம் கொடுப்பது அதற்காகவா? தங்களால் நேரில் கேட்க முடியாத கேள்வியை அவர் தங்கள் சார்பில் கேட்க வேண்டும் என்பதற்காகவே கொடுக்கிறார்கள். அது ஓர் அமானிதம். அந்த அமானிதத்தை ஒருவர் எப்படி நிறைவேற்றலாம் என்பதற்கு இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலிருந்து ஓர் உதாரணத்தை இம்மாதம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் ஒரு பெண். பெயர் ஷரோன் ஹொட்ஜ்சன். அவர் கையில் எடுத்த விடயம் டிக்கட் மோசடி.

"என்ன டிக்கட்?" என்று கேட்பீர்கள். பாட்டுக் கச்சேரி டிக்கட், விளையாட்டுப் போட்டி டிக்கட். "ஹஸ்ரத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் என்ன தொடர்பு?" என்று உங்களில் சிலர் சிரிப்பதும் எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள், ஆனால் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கச்சேரிக்குப் போகலாமா கூடாதா என்பது வேறு பாடம். வாங்க வந்தவனை ஏமாற்றுவது எந்தப் பொருளில் நடந்தாலும் ஏமாற்றுத்தான். அந்த ஏமாற்று எப்படி நடக்கிறது, அதை ஒரு சட்டசபை எப்படித் தடுக்கிறது என்பதே நமக்கு வேண்டிய பாடம்.

முதலில் ஒரு தாயின் கதையைக் கேளுங்கள். 2017ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு தாய் தன் மகனுக்குப் பரிசாக ஒரு நிகழ்ச்சிக்கு நான்கு டிக்கட் வாங்க நினைத்தார். இணையத்தில் தேடியபோது முதலில் கண்ணில் பட்ட தளத்துக்குப் போனார். அது 'வியாகோகோ' என்னும் மறுவிற்பனைத் தளம். டிக்கட்டை முதலில் விற்கும் நிறுவனம் அதுவல்ல. வாங்கியவர்கள் திரும்ப விற்கும் சந்தை அது. இத்தகைய தளங்களில் ஒரு பக்கம் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். "இன்னும் சில டிக்கட்டுகளே உள்ளன" என்று இன்னொரு பக்கம் எழுத்து மின்னும். மனிதனின் மனம் பதறும்போது கை முந்திக்கொள்கிறது. அந்தத் தாயும் பட்டனை அழுத்தினார். பிறகு பார்த்தால், நான்கு டிக்கட்டுக்கு அவர் கணக்கிலிருந்து 1,400 பவுணுக்கு மேல் போயிருந்தது. அவர் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகம்.

பலர் இந்த இடத்தில் அழுதுவிட்டு, வீட்டுக்காரரிடமும் சொல்லாமல், வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவார்கள். "என் பிழைதானே, நான்தானே அழுத்தினேன்" என்று நினைப்பார்கள். இந்தத் தாய் அப்படி இருக்கவில்லை. தன்னைப் போல் ஏமாந்தவர்களை இணையத்தில் ஒன்று சேர்த்தார். எப்படிக் கடிதம் எழுதிப் பணத்தைத் திரும்பக் கேட்பது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். அவருக்கும் பணம் திரும்பக் கிடைத்தது, இன்னும் பலருக்கும் கிடைத்தது.

சரி, இந்த டிக்கட்டுகள் ஏன் முதல் விற்பனையில் சாதாரண மக்களுக்குக் கிடைப்பதில்லை? இதில் மூன்று தந்திரங்கள் உண்டு.

முதலாவது, 'பொட்' என்று சொல்லப்படும் மென்பொருள். விற்பனை தொடங்கிய நொடியிலேயே அது ஆயிரம் கைகள் கொண்டது போல் டிக்கட்டுகளை அள்ளிவிடும். வீட்டிலிருந்து பெயரும் விலாசமும் எழுதிக்கொண்டிருக்கும் பெண்ணால் அதனோடு போட்டி போட முடியுமா? இரண்டாவது, போலி அடையாளம். ஒருவருக்கு நான்கு டிக்கட்தான் என்று எல்லை வைத்தால், பல பெயர்களிலும் பல விலாசங்களிலும் வாங்குவார்கள். மூன்றாவதுதான் மிகக் கொடியது. கையில் ஒரு டிக்கட்டும் இல்லாமலேயே விற்பது. பணத்தை இன்று வாங்கிக்கொள்வார்கள். டிக்கட்டைப் பிறகு எங்கேயாவது மலிவாகத் தேடுவார்கள். கிடைத்தால் இலாபம் அவர்களுக்கு. கிடைக்காவிட்டால், ரயில் ஏறி வந்த குடும்பம் வாசலில் நிற்கும்.

எங்கள் மத்ரஸாவில் கொடுக்கல் வாங்கல் பாடம் நடத்தும்போது, தன்னிடம் இல்லாத பொருளை விற்கலாகாது என்ற விதியை நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்லிக் கொடுக்கிறேன். ஊருக்குள் வரும் வியாபாரக் கூட்டத்தைச் சந்தைக்கு வெளியிலேயே வழிமறித்துச் சரக்கை வாங்கிவிடுவது தடுக்கப்பட்டது என்றும் சொல்கிறேன். பதுக்கல் உணவுப் பொருளுக்கு மட்டுமா, எல்லாப் பொருளுக்குமா என்பதில் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதும் அந்தப் பாடத்தில் வரும். ஒட்டகக் காலத்து உதாரணங்கள் என்று பிள்ளைகள் சில வேளை கொட்டாவி விடுவார்கள். இந்த டிக்கட் விவகாரத்தைப் படித்தபின், இந்தக் காலத்து உதாரணம் ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது. ஒட்டகத்தின் இடத்தில் கணினி. மற்றதெல்லாம் அதேதான்.

இனி ஷரோன் ஹொட்ஜ்சனிடம் வருவோம். இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள கேட்ஸ்ஹெட் நகரில் 1966இல் பிறந்தவர். தொழிற்கட்சியைச் சேர்ந்தவர். 2005இல் முதன்முதலாகப் பாராளுமன்றம் போனார். 2010இல் அவருடைய கட்சி ஆட்சியை இழந்து எதிர்க்கட்சி வரிசைக்கு வந்தது. அந்த நாட்களில்தான் அவர் ஒரு தனிநபர் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். விளையாட்டு, கலை நிகழ்ச்சி டிக்கட்டுகளை மறுபடி விற்பவர் மூல விலைக்கு மேல் நூற்றுக்குப் 10க்கு மேல் வாங்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

இந்த இடத்தில் அந்தப் பாராளுமன்றத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அமைச்சரல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவரும் சட்டமூலங்களுக்கு அங்கே வெள்ளிக்கிழமைகளில்தான் நேரம். பிற்பகல் 2.30க்கு விவாதம் முடிந்துவிடும். அந்த நேரம்வரை யாராவது பேசிக்கொண்டே இருந்தால் வாக்கெடுப்பு நடக்காது, சட்டமூலம் அநேகமாக அன்றோடு மாண்டுவிடும். பேச்சை நிறுத்தி வாக்கெடுக்க வேண்டுமானால் குறைந்தது 100 பேர் ஆதரித்து வாக்களிக்க வேண்டும். தொகுதிக்குப் போக எல்லோரும் பெட்டி கட்டும் வெள்ளிக்கிழமையில் 100 பேருக்கு எங்கே போவது?

2011 ஜனவரி 21ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, ஹொட்ஜ்சனின் சட்டமூலம் விவாதத்துக்கு வந்தது. எதிர்த்தவர்கள் பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். பேச்சிலேயே அது அமிழ்த்தப்பட்டது.

எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் சஜித் ஜாவித். பெயரைப் பார்த்தாலே தெரியும், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. பஸ் ஓட்டுநர் ஒருவரின் மகனாகப் பிறந்து மேலே வந்தவர். டிக்கட்டை மறுவிற்பனை செய்பவர்கள் சந்தையில் ஓர் இடைவெளியைக் கண்டு அதை நிரப்பும் தொழில்முனைவோர்தாம் என்பது அவருடைய வாதம்.

அந்த வாதத்தை நாம் எடுத்த எடுப்பில் தள்ளிவிடக் கூடாது. "நான் காசு கொடுத்து வாங்கிய பொருள், என் விருப்பப்படி விற்கிறேன். வாங்குபவன் விருப்பத்தோடு வாங்குகிறான். உனக்கு என்ன?" என்று ஒருவர் கேட்டால், கேள்வி நியாயம் போலத்தான் இருக்கிறது. வாங்கியவருக்குக் காய்ச்சல் வந்து போக முடியாமல் தன் டிக்கட்டை விற்றால் அதில் யாருக்கும் குறையில்லை. அந்தச் சட்டமூலமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் போக நினைக்காத ஒருவன், போக நினைப்பவர்களை முந்திக்கொண்டு ஆயிரம் டிக்கட்டை அள்ளி, அவர்களிடமே நான்கு மடங்குக்கு விற்றால், அவன் நிரப்பிய இடைவெளியை உண்டாக்கியவன் யார்? அவனேதான். கிணற்றை மூடிவிட்டுத் தண்ணீர் விற்பவனை நாம் வியாபாரி என்போமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரித்தானியாவில் இது முடியாத காரியமாக இருக்கவில்லை. உதைபந்தாட்டப் போட்டி டிக்கட்டுகளை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியிருந்தது. இரு அணிகளின் ரசிகர்களும் ஒரே இடத்தில் கலந்து கைகலப்பு வராமல் தடுப்பதே அதன் நோக்கம். 2012 லண்டன் ஒலிம்பிக் போட்டிக்கும் மறுவிற்பனை தடுக்கப்பட்டது. தண்டப் பணத்தின் உச்சம் முதலில் 5,000 பவுணாக இருந்து, 2011இல் 20,000 பவுணாக உயர்த்தப்பட்டது. உலகமே பார்க்கும் பெருவிழாவுக்குச் செய்ய முடிந்ததை, உழைத்துச் சேர்த்த காசில் பிள்ளைக்கு ஒரு டிக்கட் வாங்கும் குடும்பத்துக்குச் செய்ய முடியாதா?

சட்டமூலம் தோற்றது. ஹொட்ஜ்சன் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை. 2012 பெப்ரவரியில் பிரித்தானியத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்று ஒளிபரப்பிய புலனாய்வு நிகழ்ச்சி, நிகழ்ச்சி நடத்துவோரே டிக்கட்டுகளை மறைமுகமாக மறுவிற்பனைத் தளங்களுக்குக் கொடுப்பதை வெளிப்படுத்தியது. வேலியே பயிரை மேய்ந்த கதை அது. 2014இல் ஹொட்ஜ்சன், மைக் வெதர்லி என்ற கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினரோடு சேர்ந்து, டிக்கட் முறைகேடு பற்றி எல்லாக் கட்சியினரும் அடங்கிய பாராளுமன்றக் குழு ஒன்றை அமைத்தார். எதிர்க்கட்சிக்காரரோடு ஒரே மேசையில் உட்கார்ந்ததால் அவருடைய மானம் போய்விடவில்லை, காரியம்தான் முன்னேறியது. பிரபுக்கள் சபையில் மொய்னிஹான் பிரபு என்பவர் இதற்காகப் போராடினார். அவரும் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர், முன்னாள் விளையாட்டு அமைச்சர்.

பலன், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் மறுவிற்பனை டிக்கட் பற்றி ஒரு பகுதி சேர்ந்தது. மூல விலை என்ன, எந்த வரிசை, எந்த ஆசனம், என்ன நிபந்தனை என்பவற்றை விற்பவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அது விதித்தது. சட்டம் நிறைவேறிய நாளில் அந்தத் துறைக்குப் பொறுப்பான அமைச்சர் யார் தெரியுமா? அதே சஜித் ஜாவித்தான்.

ஆனால் சகோதரிகளே, சட்டம் எழுதுவது பாதி வேலை. மீதிப் பாதி, அதை அமுல்படுத்துகிறார்களா என்று விடாமல் பார்ப்பது. பாராளுமன்றக் கேள்வி என்பதன் உண்மையான பெறுமதி இங்கேதான் இருக்கிறது. ஓர் உறுப்பினர் எழுத்தில் கேள்வி கொடுத்தால் அமைச்சு பதில் சொல்லியாக வேண்டும். "இச்சட்டத்தின் கீழ் எத்தனை பேர்மீது வழக்குப் போட்டீர்கள்?" என்று கேட்டால், யாரோ ஓர் அதிகாரி கோப்பைத் திறந்து எண்ண வேண்டும். எண்ணிப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தாலும், அந்த "ஒன்றுமில்லை" ஹன்சார்டில் அச்சாகி என்றைக்கும் நிற்கும். அடுத்த ஆண்டு அதைக் காட்டியே மறுபடி கேட்கலாம். ஹொட்ஜ்சனும் அவருடைய குழுவும் ஆண்டுக்கு ஆண்டு இந்த விடயத்தைக் கேள்வியாகவும் விவாதமாகவும் சபைக்குக் கொண்டுவந்துகொண்டே இருந்தார்கள்.

மெதுவாகக் கதவு திறந்தது. 2016இல் மைக்கல் வாட்டர்சன் என்ற பேராசிரியர் அரசாங்கத்துக்காக ஆய்வு செய்து அறிக்கை கொடுத்தார். 2018 ஜூலையிலிருந்து, எல்லையை மீறி டிக்கட் வாங்கப் பொட் மென்பொருளைப் பாவிப்பது குற்றமாகியது. அதே ஆண்டு நவம்பரில், போட்டி மற்றும் சந்தைகள் அதிகார சபை நீதிமன்றம் சென்று, வியாகோகோ தன் விற்பனை முறையைத் திருத்த வேண்டும் என்ற உத்தரவைப் பெற்றது. அதற்கு முன்பு, பாராளுமன்றக் குழு விளக்கம் கேட்டு அழைத்தபோது இந்த நிறுவனம் 2017இல் ஒரு முறையும் 2018இல் மறுமுறையும் வராமலே இருந்தது. குழுவின் அழைப்புக்கு வராத நிறுவனம் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பணிய வேண்டியதாயிற்று.

2020 பெப்ரவரியில் லீட்ஸ் நகர நீதிமன்றத்தில், தொழிலாகவே டிக்கட் அள்ளிய இருவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஒருவருக்கு 4 ஆண்டுகள், மற்றவருக்கு இரண்டரை ஆண்டுகள். பொட் பாவித்தது, பல பெயர்களில் வாங்கியது, கையில் இல்லாத டிக்கட்டை விற்றது, நான் மேலே சொன்ன மூன்று தந்திரங்களும் அந்த வழக்கில் இருந்தன. மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2021இல் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. 2011இல் தொழில்முனைவோர் என்று புகழப்பட்ட தொழில், ஒன்பதே ஆண்டில் மோசடி என்று தீர்ப்பாகிவிட்டது.

அயல்நாடான அயர்லாந்து இன்னும் வேகமாக நடந்தது. நோயல் ரொக் என்ற உறுப்பினர் 2017இல் எழுப்பிய விடயம், 2021இல் சட்டமாகி, மூல விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதே அங்கே தடுக்கப்பட்டது. இங்கிலாந்திலோ 2021இல் அதிகார சபை கூறிய மேலதிக சீர்திருத்தங்களை அரசாங்கம் 2023இல் தட்டிக் கழித்தது.

2024 தேர்தலில் தொழிற்கட்சி இதை வாக்குறுதியாகக் கொடுத்து வெற்றி பெற்றது. 2025 ஜனவரியில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். மூல விலையிலிருந்து நூற்றுக்கு 30 வீதம் கூடுதல் வரை எங்கே எல்லை வைக்கலாம் என்பது கேள்வி. 2025 நவம்பரில் அரசாங்கம் முடிவை அறிவித்தது. மூல விலைக்கு மேல் விற்பது சட்டவிரோதமாக்கப்படும். தளங்கள் அறவிடும் சேவைக் கட்டணத்துக்கும் எல்லை வரும். முதல் விற்பனையில் வாங்க உரிமையுள்ள எண்ணிக்கைக்கு மேல் எவரும் மறுவிற்பனை செய்ய முடியாது. மீறும் நிறுவனத்துக்கு அதன் உலகளாவிய வருமானத்தில் நூற்றுக்குப் 10 வரை தண்டம்.

நினைத்துப் பாருங்கள். 2011இல் அந்தப் பெண் கேட்டது, மூல விலைக்கு மேல் நூற்றுக்குப் 10 வரை விட்டுக்கொடுத்து ஓர் எல்லை. அன்று மறுத்தார்கள். பதினைந்து ஆண்டு முடியும் தறுவாயில் வந்த அறிவிப்பு, அவர் கேட்டதைவிடக் கடுமையானது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அறிவிப்பு வேறு, சட்டம் வேறு, அதை நடைமுறைப்படுத்துவது வேறு என்பதை மேலே பார்த்தோம். விலைக்கு எல்லை வைத்தால் திருட்டுத்தனமான விற்பனை மறைவிடங்களுக்குப் போகும் என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பயத்தில் உண்மை இல்லாமலில்லை. முதல் விற்பனைக்காரரே கூட்டத்தைப் பார்த்து விலையை ஏற்றினால், மறுவிற்பனைக்கு வைக்கும் எல்லை அதைத் தொடுவதுமில்லை. அப்படியானால் இன்னும் கேள்விகள் மிச்சமிருக்கின்றன. கேட்க ஆளும் மிச்சமிருக்க வேண்டும்.

சகோதரிகளே, இந்தக் கதையிலிருந்து நம் வீட்டுக்கு எதை எடுத்துப் போவது? ஒன்று, எதை வாங்கினாலும் பதற வைப்பவனிடம் பதறாதீர்கள். ஓடும் கடிகாரத்தைக் கண்டால் கையை எடுத்துவிட்டு, கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த கடைசித் தொகை எவ்வளவு என்று பாருங்கள். விற்பவர் உரியவர்தானா, இடையில் நிற்பவரா என்று பாருங்கள். இரண்டு, ஏமாந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ரசீதை எடுத்து வையுங்கள், வீட்டில் சொல்லுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஏமாற்றுபவனின் மூலதனமே ஏமாந்தவரின் மௌனம்தான்.

மூன்று, உங்களிடம் வாக்குக் கேட்டு வருபவரிடம் வீதி போட்டீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். "சென்ற முறை சபையில் எங்களுக்காக என்ன கேள்வி கேட்டீர்கள்? பதில் என்ன வந்தது? பதில் வராவிட்டால் மறுபடி கேட்டீர்களா?" என்றும் கேளுங்கள். அந்த மூன்றாவது கேள்வியில்தான் பல பேர் தடுமாறுவார்கள்.

அந்தத் தாயிடம் பதவி இருக்கவில்லை. ஹொட்ஜ்சனிடம் 2011இல் ஆட்சி இருக்கவில்லை. இருவரிடமும் இருந்தது ஒரு கேள்வியும், அதைக் கைவிடாத பொறுமையும்தான். உண்மையைக் கேட்கும் துணிவையும், பதில் வரும்வரை நிற்கும் பொறுமையையும் அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.